ஒட்டும் ஒழுக்கமும்

ஒரு பொருளை மற்றொரு பொருளோடு பிணைப்பதற்கு மக்கள் பண்டுதொட்டுக் கையாண்டு வரும் வழிகள் மூன்று: கயிற்றால் கட்டுதல், ஆணியால் அறைதல், பசையால் ஒட்டுதல். இம்மூன்றனுள் முதலிரண்டும் கண்ணுக்குப் புலனாவன. கட்டு நெகிழ்ந்தால் கண்டு இறுக்கலாம். ஆணி கழன்றால் கண்டு மாற்றலாம். மூன்றாவதாகிய ஒட்டோ தன்னை மறைத்துக் கொள்வது. இரண்டு பலகைகளின் நடுவே சென்று மறைந்த பசை அங்கே உண்மையாகவே பற்றி நிற்கின்றதா, பற்றியதுபோல் நடிக்கின்றதா என்பதைப் பிரித்துப் பார்த்தாலன்றி அறிதற்கில்லை. பிரித்துப் பார்த்த பின்னரோ ஒட்டு என்பதே இல்லை. இந்தச் சங்கடம் தச்சர் பட்டறையோடு நின்றிருப்பின் அதைப்பற்றி ஒரு மலரில் எழுதவேண்டிய அவசியம் இராது. இன்று அது ஆகாயத்தில் ஏறிவிட்டது.

போயிங் கம்பெனியாரின் 787 என்னும் பிரயாணி விமானம் 2011-ம் ஆண்டில் சேவைக்கு வந்தது. அதன் எடையில் ஏறக்குறையப் பாதி, கரியிழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப் பொருளாகும். 2001-ம் ஆண்டு ஜனவரி 4-ம் நாள் முதன்முதல் பறந்த நமது நாட்டுத் தேஜஸ் விமானத்தின் உடலமைப்பிலும் எடையில் 45 விழுக்காடு இத்தகைய பொருளே. இப்பொருள்களையும், இவற்றைப் பிணைக்கும் பசைகளையும், இவற்றினுள்ளே பதித்து வைக்கும் உணர்கருவிகளையும் குறித்துப் பல நாட்டு ஆராய்ச்சிச் சாலைகளில் இடையறாது வேலை நடக்கின்றது. நமது கலாசாலையில் பௌதிகமும் ரசாயனமும் பயின்று செல்லும் மாணாக்கருள் சிலரேனும் இத்துறையிற் புகுவர். ஆதலின் அதனுள் மறைந்து கிடக்கும் ஒரு கேள்வியை அவர்கள்முன் வைக்க விரும்புகின்றோம். கண்ணால் காணவொண்ணாத ஒரு வேலையைச் செம்மையாகச் செய்யும் பொறுப்பு யாருடையது? கருவியுடையதா, கையுடையதா? கையுடையதே என்பது எமது துணிபு. அதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவோம்.

முதலில் பொருளின் இயல்பை அறிவோம். களிமண் தனியே காய்ந்தால் வெடிக்கும். வைக்கோல் தனியே நின்றால் வளையும். இரண்டையும் சேர்த்துக் குழைத்துச் சுவர் வைத்தால் அது வெடிப்பதுமில்லை, வளைவதுமில்லை. கூட்டுப் பொருளின் தத்துவம் முழுவதும் இதனுள் அடங்கும். வைக்கோலின் இடத்தில் கண்ணாடியிழையையோ கரியிழையையோ வைத்து, களிமண்ணின் இடத்தில் ரசாயனப் பிசினை வைத்தால் இக்காலத்துக் கூட்டுப் பொருள் கிடைக்கின்றது. இழை இழுவிசையைத் தாங்குகிறது. பிசின் இழைகளை நிலைபெயராமல் பிடித்து, ஓர் இழையின் சுமையை அடுத்த இழைக்கு மாற்றித் தருகிறது. ஆக, இழைக்கும் பிசினுக்கும் இடையே உள்ளதும் ஓர் ஒட்டுதான். அது விட்டுப்போனால் கூட்டுப் பொருள் வெறும் நூற்கட்டாய் முடியும்.

இப்பிசின்களின் வரலாறு நெடியதன்று. லியோ பேக்லண்டு என்பார் 1907-ம் ஆண்டில் பினாலையும் பார்மால்டிஹைடையும் சேர்த்துப் பேக்கலைட்டை ஆக்கினார். பின்னர், கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நார்மன் டி புரூயின் என்பவர், இங்கிலாந்தில் டக்ஸ்போர்டு என்னும் ஊரில் ஓர் ஆராய்ச்சிச் சாலை நிறுவி, விமானத்திற்கு வேண்டிய பசைகளைத் தேடலானார். பிளாக்ஸ் நூலைப் பினால் பிசினில் தோய்த்து அழுத்தி, உலோகத்திற்கு ஈடாக நிற்கத்தக்க ஒரு பொருளை அவர் கூட்டத்தார் 1930-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் ஆக்கினர். மரத்தை மரத்தோடு ஒட்டும் ஏரோலைட் என்னும் பசை 1937-ல் வந்தது. உலோகத்தை உலோகத்தோடு ஒட்டும் ரெடக்ஸ் என்னும் பசை இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே, 1941-ம் ஆண்டை ஒட்டி, அதே சாலையில் தோன்றியது. ஆணியில்லாமல் உலோகம் உலோகத்தைப் பற்றும் என்பதை அதற்குமுன் நம்பினோர் சிலரே.

ஆணி இருக்கையில் பசையை நாடுவானேன் என்று கேட்கலாம். ஆணியடிக்கத் துளை வேண்டும். துளையிட்ட இடம் பலவீனம் அடைகிறது. சுமை முழுதும் அத்துளையின் விளிம்பிற் சென்று குவிகிறது. பலமுறை ஏறியிறங்கும் சுமையால் அவ்விளிம்பிலிருந்தே விரிசல் புறப்படுகிறது. கூட்டுப் பொருளிலோ, துளையிடுவது சுமை தாங்கும் இழைகளையே அறுப்பதாகும். பசை அப்படியன்று; சுமையைப் பரப்பு முழுவதும் பகிர்ந்து கொடுக்க முயல்கிறது. அப்பகிர்வும் சமமானதன்று என்பதை வோல்கர்சன் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1938-ல் கணக்கிட்டுக் காட்டினார். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரு தகடுகளின் ஒட்டில் இரு ஓரங்களே அதிகச் சுமை தாங்குகின்றன. நடுப்பகுதி பெரும்பாலும் ஓய்ந்திருக்கிறது. ஆதலின் ஒட்டின் நீளத்தை இருமடங்காக்கினால் வலிமையும் இருமடங்காகும் என்றெண்ணுவது பிசகு. மேலும், ஒட்டியதைப் பக்கவாட்டில் இழுத்தால் தாங்கும்; ஓரத்தைப் பற்றி உரித்தால் தாங்காது. கடித உறையில் ஒட்டிய தபால் தலையை உரித்துப் பார்த்த சிறுவனும் இதனை அறிவான்.

இனி, வரலாற்றில் நிகழ்ந்த இரண்டு சம்பவங்களைக் கூறுவோம். முதலாவது நமது தேசத்து வானத்திலே நிகழ்ந்தது.

டி ஹாவிலண்டு கம்பெனியார் கட்டிய மாஸ்கிட்டோ என்னும் யுத்த விமானம் 1940-ம் ஆண்டு நவம்பர் 25-ம் நாள் முதன்முதல் பறந்தது. பால்சா என்னும் மெல்லிய மரத்தை நடுவில் வைத்து, இருபுறமும் பிர்ச்சு மரத்து ஒட்டுப் பலகையைப் பொருத்தி, உடலை இரு பாதிகளாக வார்த்து ஒன்றாய் இணைத்தனர். அலுமினியம் அருமையாயிருந்த காலத்தில், நாற்காலி மேசை செய்துவந்த தச்சுச் சாலைகள் பலவும் அதன் உறுப்புகளைச் செய்து கொடுத்தன. ஆரம்பத்திற் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசையை உபயோகித்தனர். பிறகு ஏரோலைட் பசைக்கு மாறினர். அக்காலத்து மிக வேகமான விமானங்களுள் ஒன்றாய் அது விளங்கியது. ஆயினும் 1944-ம் ஆண்டின் இறுதியில், இந்தியாவிலும் பர்மாவிலும் அவ்விமானங்கள் சில பறக்கும்போதே இறகு முறிந்து விழுந்தன. அவ்வாண்டு நவம்பரில் இங்கிருந்த மாஸ்கிட்டோ விமானங்கள் சோதனை முடியும்வரை பறவாமல் நிறுத்தப்பட்டன.

விபத்துக்குக் காரணம் யாது? கம்பெனியைச் சேர்ந்தவரின் தலைமையில் வந்த குழு, பசை கெடவில்லை, மழைக்காலத்து ஈரத்தினால் மரம் சுருங்கியதே காரணம் என்று கூறியது. இங்குள்ள மழையின்மேல் பழி விழுந்தது. ஆனால் பின்னர் வேறு நிபுணர்கள் ஆராய்ந்தபோது, குறை கட்டுமானத்திலேயே இருந்தது என்று தெரிந்தது. இங்கிலாந்திலேயே நடந்த மற்றொரு சோதனை, மழைக்காலத்தையே காணாத விமானங்களிலும் அதே குறை இருப்பதைக் கண்டுபிடித்தது. ஒட்டும் வேலை போதிய தரத்தில் நடைபெறவில்லை என்பதே அதன் முடிபு.

இதனால் அத்தச்சர்களை நிந்திப்பது எமது நோக்கமன்று. யுத்தத்தின் அவசரத்தில், மாதந்தோறும் இத்தனை விமானம் என்று கணக்குக் கேட்கும் மேலிடத்தின் கீழ் அவர்கள் வேலை செய்தார்கள். ஒட்டுவதற்கு வேண்டியவை மூன்று: சுத்தமான பரப்பு, சரியான அழுத்தம், போதிய நேரம். இம்மூன்றில் ஒன்றைக் குறைத்தாலும் ஒட்டு குறைபடும். குறைபட்டது வெளியே தெரியாது. ஆணி அறைபவன் ஓர் ஆணியைத் தவறவிட்டால் துளை வெறுமையாய் நின்று அவனைக் காட்டிக்கொடுக்கும். பசை பூசுபவன் அவசரப்பட்டால் காட்டிக்கொடுப்பார் எவருமில்லை. அவனுடைய மனச்சாட்சியும், அம்மனச்சாட்சிக்கு மேலிடம் விட்டுக்கொடுக்கும் அவகாசமுமே காவல். தவறு நேர்ந்தபின், தூர தேசத்து மழையின்மேல் பழி போடுவது எல்லார்க்கும் எளிது. இந்த எளிமையே அஞ்சத்தக்கது.

நிற்க. நம்மவர் வழங்கும் ஒரு பழமொழி உண்டு: உடம்பில் எண்ணெயைத் தடவிக்கொண்டு மண்ணில் புரண்டாலும் ஒட்டுவதுதான் ஒட்டும். ஊழைப்பற்றிச் சொன்ன சொல்லாயினும், பசைச் சாஸ்திரத்தின் முதற்பாடமாகவும் அது நிற்கிறது. எண்ணெய் பட்ட பரப்பில் எதுவும் ஒட்டாது. பசை திரவமாக இருக்கும்போது பரப்பின் மேடுபள்ளங்களில் எல்லாம் பரவி நனைத்தாலன்றிப் பற்றாது. கைவிரலின் நெய்ப்பசை ஒரு துளி போதும், பரவுதலைத் தடுக்க. தாமரையிலைத் தண்ணீர்போல் என்று சொல்லுகிறோமே, அதுவே இங்குச் சோதனையாகும். தொழிற்சாலைகளில், சுத்தம் செய்த உலோகத் தகட்டின்மேல் தூய நீரை ஓட விடுவார்கள். நீர் அறுபடாத ஒரே படலமாய்ப் படர்ந்து நின்றால் தகடு சுத்தம். துளித்துளியாய்த் திரண்டு நின்றால் அழுக்கு. விலையுயர்ந்த யந்திரம் ஒன்றும் வேண்டாத இச்சோதனையை எந்தக் கலாசாலையின் ரசாயன சாலையிலும் நாளையே செய்து பார்க்கலாம்.

சுத்தம் மட்டும் போதாது. அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டவுடனே ஆக்ஸைடு என்னும் மெல்லிய தோல் படர்கிறது. பசை உண்மையில் பற்றுவது அத்தோலையே. பசை விளிம்பின் வழியாக நாளடைவில் ஈரம் ஊறிச்சென்றால், அத்தோல் நீரை ஏற்று உருமாறி, கீழுள்ள உலோகத்தைவிட்டு உரிந்துபோகும். ஆகவே செய்த அன்று இழுத்துப் பார்த்தால் மிக வலியதாய்த் தோன்றிய ஒட்டு, சில ஆண்டுகளில் ஒன்றுமில்லாமற் போவதுண்டு. இதனைத் தடுக்க உறுதியான ஆக்ஸைடுத் தோலை முன்கூட்டியே வளர்க்க வேண்டும் என்பதை அறிந்து, 1970-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அமெரிக்காவில் பாஸ்பாரிக் அமிலத்தில் மின்சாரம் செலுத்தித் தகட்டைப் பக்குவப்படுத்தும் முறையைக் கொணர்ந்தனர். ஆனால் அதற்குமுன் ஒட்டப்பட்ட விமானங்கள் அதற்குள் பறந்துகொண்டிருந்தன.

இரண்டாவது சம்பவம் அவற்றுள் ஒன்றைப் பற்றியது. 1988-ம் ஆண்டு ஏப்ரல் 28-ம் நாள், ஹவாய்த் தீவுகளில் ஹீலோவிலிருந்து ஹொனலூலுவுக்குப் புறப்பட்ட அலோஹா கம்பெனியின் போயிங் 737 விமானம், 24,000 அடி உயரத்தில் பறக்கும்போது அதன் கூரையில் ஏறக்குறைய 18 அடி நீளம் பிய்த்துக்கொண்டு போயிற்று. விமானப் பணிப்பெண் ஒருவர் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு மாண்டார். விமானிகள் அசாத்தியத் திறமையோடு மாவி தீவில் இறக்கியதனால் ஏனையோர் பிழைத்தனர். 1969-ல் செய்யப்பட்ட அவ்விமானம் அதுவரை 89,680 முறை ஏறியிறங்கியிருந்தது. அதன் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, பிசின் தோய்ந்த மெல்லிய துணியை இடையில் வைத்துக் குளிர்நிலையிலேயே ஒட்டி, மூன்று வரிசை ஆணியும் அடித்திருந்தனர். அப்பிசின் துணியைக் குளிர்ப்பெட்டியிற் காக்க வேண்டும். வெளியெடுக்கும்போது அதன்மேல் பனிநீர் படிந்தாலும், முன்னரே இறுகத் தொடங்கினாலும் ஒட்டு கெடும். அப்படியே சில இடங்களில் கெட்டது. ஒட்டு விட்ட இடத்தில் உப்புக்காற்றின் ஈரம் புகுந்து துருவேற்றியது. பசை தாங்கவேண்டிய சுமை ஆணித் துளைகளின் மேல் விழுந்தது. ஆணித்தலை புதைவதற்காகச் சரிவாய்க் குடைந்த அத்துளைகளின் விளிம்பு கத்திமுனைபோல் மெலிந்திருந்தமையால், அங்கிருந்து விரிசல்கள் வரிசையாய்க் கிளம்பி ஒன்றோடொன்று கைகோத்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. இவ்வகை ஒட்டு நம்பத்தக்கதன்று என்பது அன்று புதிதாய்த் தெரிந்ததன்று. 1972 முதலே விமானம் செய்தவர்கள் அதுபற்றி எச்சரிக்கைக் குறிப்புகளை அனுப்பி வந்தனர். புதிய விமானங்களில் அம்முறையைக் கைவிட்டும் இருந்தனர். விபத்தை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையார், ஒட்டு விட்டதையும் விரிசலையும் கம்பெனியின் பராமரிப்பு முறை கண்டுபிடிக்கத் தவறியதே காரணம் என்றனர். இன்னும் ஒன்று: அன்று விமானத்தில் ஏறிய பிரயாணி ஒருவர், கதவருகே தகட்டில் ஒரு விரிசலைத் தம் கண்ணாலேயே கண்டார், ஒருவரிடமும் சொல்லாமல் உள்ளே சென்று அமர்ந்தார். அவரைக் குறைகூறவும் நமக்கு மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நாமும் நாள்தோறும் எத்தனையோ விரிசல்களைக் கடந்து செல்லுகிறோம். செய்தி இருந்தது. அதைச் சொல்லுவாரும், கேட்டுச் செய்வாரும் இல்லை.

இனி, ஒட்டை உடைக்காமலே சோதிக்கும் வழிகள் இல்லையோ என்று மாணாக்கர் வினவலாம். காதுக்கெட்டா ஒலியலையை உள்ளே செலுத்தி, வெற்றிடம் இருந்தால் அதன் எதிரொலியால் அறியும் முறை உண்டு; அது பெரும் பிரயோஜனமுள்ளது. ஆனால் பசையும் பரப்பும் இடைவெளியின்றித் தொட்டுக்கொண்டிருந்தும் பற்றாமல் இருக்கும் நிலை ஒன்றுண்டு. உறவினர் இருவர் மனம் ஒட்டாமல் ஒரே வீட்டில் வாழ்வது போன்றது அது. ஒலியலை அதனைத் தடையின்றிக் கடந்து போவதால், நல்ல ஒட்டென்றே கருவி சொல்லும். வெற்றிடத்தைக் காணும் கருவி உண்டு. வலிமையை அளந்து கூறும் கருவி பொது வழக்கில் இன்னும் இல்லை. ஆகையால் அமெரிக்க விமான ஆட்சியார் 2009-ல் வெளியிட்ட குறிப்பில், உயிர் தங்கியிருக்கும் ஒட்டுகளுக்கு மூன்று வழிகளில் ஒன்றைக் கோருகின்றனர்: ஒட்டு விட்டாலும் அது குறித்த எல்லைக்குமேல் பரவாமல் தடுக்கும் அமைப்பு இருக்க வேண்டும், அல்லது செய்த ஒவ்வொன்றையும் சுமையேற்றிச் சோதிக்க வேண்டும், அல்லது ஒட்டின் வலிமையை உறுதியாகக் காட்டும் சோதனைமுறை வேண்டும். மூன்றாவது வழி கைக்கு எட்டாததால், பெரும்பாலோர் முதல் வழியைப் பற்றி, ஒட்டிய இடத்திலும் ஆணி சேர்க்கின்றனர்.

இவ்விடத்தில்தான் உணர்வுள்ள கட்டமைப்புகள் என்னும் புதிய ஆராய்ச்சி வந்து நிற்கிறது. ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் சகோதரர் 1880-ம் ஆண்டில், சில பளிங்குகளை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டனர். மின்சாரம் செலுத்தினால் அவை நெளியும் என்பதும் விரைவில் தெளிவாயிற்று. அக்குணமுள்ள மெல்லிய வில்லைகளை விமானத் தோலில் ஒட்டி, ஒன்று அதிர்வை அனுப்ப மற்றொன்று வாங்கினால், நடுவே விரிசல் தோன்றியதை அறியலாம். 1978-ல் கானடாவில் கென்னத் ஹில் என்பவரின் கூட்டத்தார், கண்ணாடி இழையினுள்ளே ஒளியால் வரிவரியாய் அடையாளம் பதிக்கும் முறையைக் கண்டனர். இத்தகைய வரிகள் ஒரு குறித்த அலைநீளமுள்ள ஒளியை மட்டும் திருப்பியனுப்பும். இழை நீண்டாலும் சூடேறினாலும் அவ்வலைநீளம் சற்றே மாறும். அவ்விழையைக் கூட்டுப் பொருளின் உள்ளேயே பதித்துவிட்டால், நரம்பு உடலின் வலியை மூளைக்குச் சொல்வதுபோல, இறகின் வருத்தத்தை அது ஓயாது சொல்லிக்கொண்டிருக்கும். 2001-ல் இல்லினாய் சர்வகலாசாலையார், சிறு குமிழிகளில் திரவத்தை அடைத்துப் பிசினில் தூவி, விரிசல் வரும்போது குமிழி உடைந்து விரிசலைத் தானே மூடிக்கொள்ளும் பொருளை ஆக்கிக் காட்டினர்.

இவை வியக்கத்தக்கன, வரவேற்கத்தக்கன. அலோஹா விமானத்தில் அத்தகைய வில்லைகள் இருந்திருப்பின், விரிசல்கள் கைகோக்கு முன்னரே மணியடித்திருக்கக் கூடும். ஆனால், இக்கருவிகள் வந்தபின் ஒட்டுவோனின் கவனம் அவ்வளவு அவசியமன்று என்றும், தவறினால் கருவி சொல்லிவிடும் என்றும் ஓர் எண்ணம் மெல்லப் பரவுவதாகக் காண்கின்றோம். இதனையே யாம் மறுக்கின்றோம். மறுப்பதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, உணர்வில்லையும் ஒட்டப்படுவதே. விமானத் தோலில் அதைப் பிடித்து வைத்திருப்பது அதே பசை. ஒட்டியது அதே கை. வில்லையின் ஒட்டு நெகிழ்ந்தால், விமானம் நெகிழ்ந்ததா வில்லை நெகிழ்ந்ததா என்பதே ஐயமாகும். காவலனுக்குக் காவல் வைக்கப் புகுந்தால் அதற்கு முடிவேது? இரண்டாவது, உள்ளே பதிக்கும் ஒளியிழையின் பருமன் சாதாரணமாக மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதனைச் சூழ்ந்த கரியிழையோ அதில் இருபதில் ஒரு பங்களவே. நெல்வயலில் நட்ட பனைபோல் அது நிற்பதால், அதைச் சுற்றிப் பிசின் தேங்குகிறது. தக்கவாறு பதிக்காவிடின் காவற்காரனே களவுக்கு வழி திறந்தவனாவான். மூன்றாவதே முதன்மையானது. கருவி சொல்லுவது நேர்ந்த சேதத்தை, நேரப்போகும் பலவீனத்தையன்று. பற்றாமல் தொட்டுக்கொண்டிருக்கும் ஒட்டு, விடுகிற கணம் வரையில் சுமையை ஒழுங்காகக் கடத்திக்கொண்டே இருக்கக்கூடும். அதுவரை இழை வருத்தம் ஒன்றும் சொல்லாது. வலிக்காத நோயே பொல்லாத நோய் என்பதை வைத்தியர் அறிவர்.

நோயறியும் கருவி மிகுந்ததனால் ஒருவன் அழுக்கு நீரைக் குடிக்கலாமென்று எவரும் சொல்லார். அதுபோலவே இதுவும். பரப்பைத் துடைப்பவன் பழைய துணியால் துடைத்தானா, புதுத் துணியால் துடைத்தானா? பக்குவம் செய்த தகட்டை வெறுங்கையால் தொட்டானா? குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த பிசின் துணி அறையின் சூட்டை அடையும்வரை உறையைப் பிரிக்காமல் காத்திருந்தானா? இக்கேள்விகளுக்கு விடை அந்த ஒரு மணி நேரத்தில் அந்த ஓர் அறையில் மட்டுமே உண்டு. அது கடந்தபின் உலகத்து ஆராய்ச்சி முழுதும் திரண்டு வந்தாலும் அவ்விடையை முழுமையாய் மீட்டெடுக்க இயலாது.

அங்ஙனமாயின் மனிதக் கையையே நீக்கி யந்திரக் கையால் ஒட்டலாமே என்பர் சிலர். ஒட்டலாம், பல இடங்களில் அதுவே நலம், யந்திரம் சலிப்பதில்லை. ஆனால் யந்திரத்துக்கு அளவு குறிப்பவர், பிசின் காலாவதியானதா என்று பார்ப்பவர், சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்துபவர் எல்லோரும் மக்களே. பொறுப்பு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறுமேயன்றி மறையாது. இவ்வளவு நிதானித்தால் செலவும் காலமும் மிகும் என்பர் வேறு சிலர். மெய்தான். மாஸ்கிட்டோவிலும் அலோஹாவிலும் மிச்சம் பிடித்த காலம் எவ்வளவென்று யாரும் கணக்கு வைக்கவில்லை. செலவான உயிர்களுக்குக் கணக்கு இருக்கிறது.

இது விமானத்தோடு நிற்கும் விஷயமன்று. நாகர்கோவிலிலிருந்து வடக்கே செல்வோர், ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் சுழலும் காற்றாலைகளைக் கண்டிருப்பர். அவற்றின் இறகுகள் பெரும்பாலும் கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்தவை; சிப்பியின் இரு ஓடுகள்போல் இரு பாதிகளாய் வார்த்துப் பசையால் மூடப்பட்டவை. இறகு விரிசலுறுமிடங்களில் பின்விளிம்பின் ஒட்டும் ஒன்று. ஆடிக் காற்று ஓயாது அறையும் அவ்விளிம்பைச் செம்மையாக ஒட்டுவதும், விட்டதைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு பழுது பார்ப்பதும் நம்மவர் செய்ய வேண்டிய தொழில்களே. நம் பிள்ளைகளுக்கு இக்கல்வி அந்நியமானதன்று.

ஆகவே எமது யோசனைகள் மூன்றினை வாசகர்முன் வைக்கின்றோம். முதலாவது, நமது கலாசாலைகளில் ஒட்டுதல் என்பதைப் புத்தகப் பாடமாக மட்டும் நடத்தாமல் கைப்பாடமாக நடத்த வேண்டும். மாணாக்கன் ஒருவன் இரு தகடுகளை எண்ணெய்க் கையோடு ஒட்டி, வேறிரண்டைச் சுத்தம் செய்து ஒட்டி, இரண்டு வகையையும் வெந்நீரில் ஒரு மாதம் ஊறவைத்து இழுத்துப் பார்க்கட்டும். அவன் கண்ட வேற்றுமையை ஆயுளில் மறவான். இரண்டாவது, ஆராய்ச்சி செய்வோர் செய்த அன்றைய வலிமையை மட்டும் எழுதி மகிழாமல், ஈரத்திலும் வெயிலிலும் வைத்துப் பல நாள் கழித்து எஞ்சிய வலிமையையும் எழுதவேண்டும். ஒட்டாமற் போன பரிசோதனைகளையும் மறையாமல் வெளியிட வேண்டும். வெற்றியை மட்டும் அச்சிடும் ஆராய்ச்சி, தபால் தலையைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்து ஒட்டு உறுதியென்பதை ஒக்கும். மூன்றாவது, பரப்பைத் துடைப்பவனுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும். புதுப் பிசினைக் கண்டவர்க்குப் பரிசுண்டு. அதைப் பூசுமுன் தகட்டை முறைப்படி கழுவியவனுக்குப் பெயர்கூட இல்லை. இன்று ஒட்ட வேண்டாம், காற்றில் ஈரம் மிகுந்திருக்கிறது என்று அவன் சொன்னால் அச்சொல்லை மேலதிகாரி ஏற்கும் வழக்கம் வரவேண்டும். அவ்வழக்கம் ஆயிரம் உணர்வில்லைகளுக்கு ஈடாகும்.

கட்டமைப்புகளுக்கு உணர்வூட்டும் ஆராய்ச்சி செழிக்கட்டும். அதில் நம் மாணாக்கர் முன்னணியில் நிற்கட்டும். ஆனால் உணர்வு முதலில் இருக்கவேண்டிய இடம் இறகின் உள்ளேயன்று. அதைச் செய்வோர் உள்ளத்திலும், செய்விப்போர் உள்ளத்திலுமேயாம். ஒருவரும் காணாத இடத்தைத் துடைக்கும்போது, முப்பது ஆண்டுகள் கழித்து அதன்கீழ் அமர்ந்து பறக்கப்போகும் முகமறியாப் பிரயாணியை நினைத்துத் துடைப்பவனே இத்தொழிலுக்குரியவன். அத்தகையோரை ஆக்குவது யந்திர சாலையால் மட்டும் ஆவதன்று. அது கலாசாலைகளின் கடமையுமாகும். அக்கடமையை உணர்ந்து முயல்வோமாக.